வளைவாசலில் ஆமை

குளத்தங்கரை வளைக்குள் சிவப்பி என்ற நண்டு முடங்கிக் கிடந்தது. பழைய ஓடு உடம்பை இறுக்கியது. கழற்றாவிட்டால் மூச்சு முட்டிச் செத்துவிடும், கழற்றவோ பயம்.

தவளை எட்டிப் பார்த்தது. "இதற்குப் போயா அழுகிறாய்? நான் என் தோலை ஒரே இழுப்பில் உரித்து வாயில் போட்டுக்கொள்வேன். நீயும் இழு."

சிவப்பி இன்னும் உள்ளே ஒடுங்கியது.

பிறகு ஆமை வந்தது. "எதை நினைத்துப் பயப்படுகிறாய், தங்கச்சி?"

அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "புது ஓடு இறுகும்வரை என் உடம்பு பழம் மாதிரிக் குழைந்திருக்கும், அண்ணே. வெளியே கொக்கு நிற்கிறது."

"ஓடு கழற்ற எனக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து இதே ஓடுதான்," என்றது ஆமை. "நான் வாசலில் படுத்துக்கொள்கிறேன். நீ உன் போக்கில் செய்."

ஆமை வளைவாசலை அடைத்துப் படுத்தது. கொக்கு அதன் முதுகில் டொக் டொக்கென்று கொத்தியது. உள்ளே சிவப்பி மெல்ல மெல்ல ஓட்டிலிருந்து கழன்றது.

புது ஓடு இறுகியதும் வெளியே வந்து பார்த்தால், கொக்கைக் காணோம்; ஆமையின் முதுகெல்லாம் கொத்துத் தடம். சிவப்பி அருகே போய், தடங்களில் அப்பியிருந்த சேற்றைப் புதுக் கொடுக்கால் பூப்போலத் துடைத்தது.

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்," என்றது ஆமை, கண்ணை மூடிக்கொண்டு.