கல்லில் நிற்பவள்

புரோட்டாக் கல் காய்ந்துவிட்டது. தண்ணீர் தெளித்தால் துள்ளி ஓடுகிறது.

அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

எண்ணெயில் ஊறிய மாவு உருண்டைகள் நாற்பது, தட்டு நிறையக் கிடந்தன. மாவு அவள் பிசைந்தது. உருண்டை அவள் பிடித்தது. மணி ஆறேகால். உள்ளே நான்கு மேசைகளிலும் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

“தொட்டி! நாலு புரோட்டா!”

சப்ளையர் சங்கரபாண்டியின் குரல்.

அவள் திரும்பவில்லை.

அந்தக் கடையில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது. வேலைதான் பெயர். டீ ஆற்றுகிறவர் டீ. பொட்டலம் கட்டுகிறவர் பார்சல். கல்லில் நிற்கிறவர் மட்டும் மாஸ்டர். ஏழு வருடமாகப் பின்கட்டில் தண்ணீர்த் தொட்டியடியில் உட்கார்ந்து எச்சில் தட்டு கழுவிய அவள், தொட்டி.

முந்தாநாள் மாஸ்டர் சொல்லாமல் கொள்ளாமல் கேரளாவுக்குப் போய்விட்டார். முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். நான் போடுகிறேன் என்றாள்.

முதலாளி சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். சிரித்து முடித்து, நேற்று முழுக்கத் தேடிய பிறகும் கல்லில் நிற்க வேறு ஆள் கிடைக்கவில்லை.

ஒரே ஒரு நாள், என்றார் முதலாளி. சாப்பிடாமல் ஒரு தட்டு திரும்பி வந்தாலும் மறுபடியும் தொட்டியடிக்குப் போய்விட வேண்டும். எல்லார் முன்னாலும்தான் சொன்னார்.

ஏழு வருடம் அவள் தட்டு மட்டுமா கழுவினாள்? ஜன்னல் வழியே மாஸ்டரின் மணிக்கட்டைப் பார்த்தாள். மதியம் கடை அசந்திருக்கும் நேரத்தில் ஈரத்துண்டை வீசிப் பழகினாள். முதலில் துண்டு சுருண்டு முகத்தில் அடித்தது. இரண்டாம் வருடம் விரிந்தது. பிறகு வீட்டில் மைதா. அவள் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்றைக்கும் வயிறு கலங்கும்.

“ஏ தொட்டி! ஒன்னத்தான்!”

எருமை மாட்டின் மேல் மழை.

மூலை மேசைக்காரர், பொம்பளை அடிக்கிற புரோட்டா அடுக்கு விடுமா என்று சத்தமாகவே கேட்டார். கேட்டாரே தவிர எழுந்து போகவில்லை. பசி வந்தால் பத்தும் பறக்கும். இந்தச் சந்தேகம் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கும் என்று பார்க்கலாம்.

அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. இன்று விட்டால் இந்தக் கல் திரும்பக் கிடைக்காது.

ஆனால் தொட்டி என்ற கூப்பிடலுக்குத் திரும்பி ஒரே ஒரு புரோட்டா போட்டுவிட்டால், ஆயுளுக்கும் அது தொட்டி போட்ட புரோட்டாதான்.

முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“ஏ தாயி, காது கேக்கலையா? கல்லு காயுதுல்லா!”

காயட்டும்.

கல்லின் ஓரத்தில் புகை எழுந்தது. உள்ளே யாரோ டம்ளரால் மேசையைத் தட்டினார்கள். சங்கரபாண்டி இடுப்பில் கைவைத்து நின்றார். கூப்பிட்டு அலுத்துப் போயிருந்தார். கூப்பிட வேண்டிய சொல் அவருக்குத் தெரியாமல் இல்லை. முந்தாநாள் வரை நாளுக்கு நூறு தடவை சொன்னதுதான். இன்று நாக்கு மடங்க மாட்டேன் என்கிறது.

தெருவோரம் ஒரு லாரி வந்து நின்றது. டிரைவர் இறங்கித் தலைத்துண்டை உதறினார். வெறுமனே புகைந்துகொண்டிருந்த கல்லைப் பார்த்துவிட்டு, கல்லாப் பக்கம் கேட்டார்.

“என்ன, மாஸ்டர் வரலையா?”

முதலாளி வாயைத் திறந்தார்.

“வந்தாச்சு,” என்றாள் அவள். “உள்ள போயி உக்காருங்க. எத்தன?”

டிரைவர் அவளைப் பார்த்தார். உருண்டைகளைப் பார்த்தார். அவர் வெளியூர்க்காரர். தொட்டி யாரென்று அவருக்குத் தெரியாது.

“ஆறு போடுங்க மாஸ்டர். நல்லா மொறுவலா.”

இவ்வளவுதான். ஏழு வருடம் காத்திருந்த சொல், கேட்காமலே, போகிற போக்கில் விழுந்தது. அவள் முதல் உருண்டையை எடுத்தாள்.

தட்டினாள். இழுத்தாள். வீசினாள்.

மாவு காற்றில் விரிந்து பலகையில் வந்து விழுந்தது. அந்தப் பக்கம் வைத்த கை தெரிகிற அளவுக்கு மெலிசு. சுருட்டி வைத்தாள். அடுத்தது. அதற்கடுத்தது. பன்னிரண்டு வட்டங்கள் கல்லில் ஏறின. எண்ணெய் இரைந்தது.

வெந்ததும் ஆறு ஆறாக அடுக்கி, சுடச்சுட, இரண்டு உள்ளங்கையாலும் பக்கவாட்டில் அடித்தாள்.

அந்தச் சத்தம் பஸ் ஸ்டாண்டு வரை போயிருக்கும். உள்ளங்கை சிவந்து எரிந்தது. அடுக்கு அடுக்காகப் புரோட்டா பிரிந்து நின்றது. மூலை மேசைக்காரர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

முதல் ஆறையும் தானே இலையில் வைத்துக் கொண்டுபோய் டிரைவருக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

சங்கரபாண்டி தட்டோடு வந்து நின்றார்.

“நாலு...” என்றார்.

அதற்கு மேல் வரவில்லை.

இரண்டாவது அடுக்கு அவள் கைகளுக்குள் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவள் தட்டில் வைக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆறிப்போனால் புரோட்டா வெறும் தோல். இருபது வருடச் சப்ளையருக்கு இது தெரியாதா என்ன?

மூலை மேசையில் மறுபடியும் டம்ளர் தட்டியது.

அவர் ஒருமுறை முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். முதலாளி கூரையைப் பார்த்தார்.

சங்கரபாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டார்.