அப்பாவுக்குத் துணையாக ஒரு மலையேற்றம்

"அறுபத்திரண்டு வயசுல மலையேறி, டென்ட்டுல தங்கப் போறீங்களா?" எழிலரசி அப்பாவை முறைத்தாள்.

"வாக்கிங் குரூப்புல எல்லாரும் போறாங்கம்மா. மார்கழிக் குளிர்ல கல்வராயன் மலை ஜோரா இருக்கும்னு லோகநாயகி டீச்சர் சொன்னாங்க," என்றார் சிங்காரம்.

ஒரு மாதமாக வீட்டில் அந்த டீச்சர் பேச்சுதான். அம்மா இறந்து நான்கு வருடமாகிறது. எழிலரசிக்குச் சுருக்கென்றது.

"என் பேரையும் சேத்துக்குங்க. நானும் வரேன்."

ஞாயிறு காலை, பயணத்தைப் பற்றிப் பேச மஞ்சக்குப்பம் மைதானத்தில் கூடினார்கள். டீச்சர் தன் ஃபிளாஸ்க்கிலிருந்து அப்பாவுக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். எழிலரசி பல்லைக் கடித்தாள். பக்கத்தில் நின்ற இளைஞனும் அவர்களையே முறைத்துக்கொண்டிருந்தான்.

"நீங்களும் மலைக்கு வர்றீங்களா?" என்று கேட்டாள்.

"வராம? நான் டீச்சர் பையன், செம்பியன். எப்பப் பாத்தாலும் எங்கம்மா யாரோ சிங்காரம் சார் பேச்சாவே இருக்காங்க. அதான், கூடவே போய்ப் பாத்துடலாம்னு..."

"அவரு எங்கப்பாங்க!"

செம்பியன் திருதிருவென விழித்தான். எழிலரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான்.

தூரத்திலிருந்து அதைப் பார்த்த சிங்காரம், பயணப் பட்டியலை எடுத்துத் தன் பெயரையும் டீச்சர் பெயரையும் அடித்தார்.

"பொண்ணு பாக்க வராங்கன்னாலே இவ வீட்ட விட்டுக் கெளம்பிடுவா டீச்சர்."

"எம் பையனும் அப்படித்தான் சார். அதுங்க ரெண்டும் போயிட்டு வரட்டும். நமக்கெதுக்கு இந்தக் குளிர்ல மலை?"