எண்ணூற்றுப் பத்து

“உங்க பேர்ல ஒரே வாரத்துல பதினோரு கிரெடிட் கார்டுக்கு ஆன்லைன்ல அப்ளை பண்ணியிருக்காங்க சார்.”

வங்கி மேனேஜர் கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். எதிரே மூன்று நாற்காலிகள். நடுவில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவருக்கு இந்தப் பக்கம் மனைவி, அந்தப் பக்கம் மனைவியின் தம்பி.

கடைக்காரர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். “யார் சார் பண்ணது? என்கிட்ட ஒரு கார்டுகூடக் கிடையாதே!”

அது கடைத்தெருவுக்கே தெரிந்த விஷயம். அவருடைய கிரெடிட் ஸ்கோர் தொள்ளாயிரத்துக்கு எண்ணூற்றுப் பத்து. பெற்ற பிள்ளையின் மார்க்கைச் சொல்வதுபோல அதைச் சொல்லிக்கொள்வார். கண் பரிசோதனைக்கு வந்தவர்களைச் சுவர்ப் பலகையைப் படிக்கச் சொல்லிவிட்டு, அவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தடுமாறும் நேரத்தில், “எண்ணூத்திப் பத்து! வாங்கின கடனை ஒரு நாள் தள்ளிக் கட்டினது கிடையாது” என்பார். பாவம், அவர்களும் அந்த எண் பலகையில் எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள்.

அப்பேர்ப்பட்டவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டால் எந்த வங்கி மறுக்கும்? மைத்துனன் பூனைகளுக்கு ஒரு விடுதி தொடங்கப் போகிறான். வெளியூர் போகிறவர்கள் தங்கள் பூனையை அங்கே விட்டுவிட்டுப் போகலாம். ஏசி அறை, தனி மெத்தை. அதற்குத்தான் கடன். மனைவி கேட்டபோது கடைக்காரர் மறுபேச்சுப் பேசவில்லை. “நம்ம வீட்டுப் பிள்ளைக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப் போறேன்?” என்று, இஸ்திரி போட்ட சட்டையாகப் பார்த்து எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பி வந்திருந்தார்.

“இப்ப ஸ்கோர் எவ்வளவு சார்?”

“எழுநூறுக்குக் கீழ.”

கடைக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மனைவி அவசரமாகத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

“கார்டு எதுவும் வாங்கலையே சார்? சும்மா அப்ளைதானே பண்ணியிருக்காங்க?” என்றான் மைத்துனன்.

“ஒவ்வொரு தடவை அப்ளை பண்றப்பவும் ஒரு பேங்க் இவரோட ரிப்போர்ட்டை எட்டிப் பாக்குது தம்பி. ஒண்ணு ரெண்டுன்னா பரவாயில்ல. வரிசையா பதினொண்ணுன்னா, இந்த மனுஷன் பணத்துக்கு நாயா அலையறாருன்னுதானே தோணும்? அதான் ஸ்கோர் சரிஞ்சிடுச்சு. கொஞ்ச காலம் எங்கயும் அப்ளை பண்ணாம இருந்தா தானா ஏறிடும். ஆனா இப்ப இவரோட ஜாமீனை நான் ஏத்துக்க முடியாது.”

“ஓடிபி இல்லாம எப்படி சார் பண்ண முடியும்?” என்று கேட்டாள் மனைவி. “அது இவர் போனுக்குத்தானே வரும்?”

“இந்தக் காலத்துல யார் எப்படிக் கைவரிசை காட்டறாங்கன்னு சொல்ல முடியறதில்ல மேடம்” என்ற மேனேஜர், மேசை மேலிருந்த பேனாக்களை ஒழுங்காக அடுக்க ஆரம்பித்தார்.

மனைவியின் பார்வை கணவரைத் தாண்டி, மெதுவாகத் தம்பி மேல் போய் நின்றது.

வங்கி வாசல் படியிலேயே பிடித்துக்கொண்டாள். “போன வாரம் வீட்டுக்கு வந்தப்ப மாமா போனை எடுத்து நோண்டிக்கிட்டிருந்தியே, என்னடா பண்ணே?”

“ஸ்கோர் பாத்தேன்க்கா.”

“எந்த ஸ்கோர்?”

“ஐயோ, கிரிக்கெட் ஸ்கோர்! எனக்கு ஜாமீன் போடற ஆளோட ஸ்கோரை நானே போய்க் கெடுப்பேனா? கொஞ்சம் யோசிச்சுப் பாருக்கா!”

“நீ அவ்வளவு யோசிக்கிற ஆளா இருந்தா உன் மீன் பண்ணை மூழ்கியிருக்குமாடா?”

ஏடிஎம் வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மைத்துனனுக்குக் கண்கள் கலங்கிவிட்டன. கடைக்காரர் குறுக்கே புகுந்தார்.

“அவனை விடும்மா. இன்டர்நெட்டுல எத்தனையோ திருட்டுப் பசங்க இருக்காங்க. இவன் பண்ணியிருக்க மாட்டான், நான் அடிச்சுச் சொல்றேன்.”

“நீங்க சும்மா இருங்க. இடம் கொடுத்துக் கொடுத்துத்தான் இவன் கெட்டான். வாங்க, சைபர் கிரைம்ல புகார் கொடுக்கலாம். எந்த போன்லேர்ந்து பண்ணாங்கன்னு புட்டுப் புட்டு வெச்சிடுவாங்க.”

“புகாரா?” கடைக்காரர் பதறினார். “போலீஸ், விசாரணைன்னு போனா குடும்ப மானம் கப்பலேறிடும். காசு எதுவும் போகலையே! என் ஸ்கோர் போனா போகுது, நமக்குள்ள உறவு கெடக் கூடாது.”

மைத்துனன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினான். “நீங்க மனுஷனே இல்ல மாமா, தெய்வம்!” பூனை விடுதிப் பேச்சை இனி எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்காமலே டீ போட்டுக் கொடுத்தாள். அந்த எண்ணைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவள், இன்றுதான் முதன்முதலாக அதற்காக வருந்தினாள்.

“பொத்திப் பொத்தி வளர்த்தீங்களே! எந்தப் பாவி கண்ணு பட்டுச்சோ!” என்று மூக்கை உறிஞ்சியபடி காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

போன் ஒலித்தது. மேனேஜர்தான். கடைக்காரர் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அவர் சொன்னதைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“மூணு கார்டுக்கு அப்ளை பண்ணாலே போதும்னுதான் நீங்க வழி சொன்னீங்க, இல்லேங்கல சார், ஆனா மூணோட நிறுத்தினா என் மச்சான் என்னை அடுத்த பேங்க்குக்கு இழுத்துக்கிட்டுப் போயிடுவானேன்னுதான் உட்கார்ந்து பதினொண்ணுக்குப் போட்டேன்!”