நோய் வராத பட்டி

“அண்ணி, மத்தவங்க ஆடெல்லாம் உண்ணிக் காய்ச்சல்ல சாவுது. அந்த ஆராய்ச்சிக்காரர் நோயே இல்லாத உங்க பட்டிக்கு ஏன் நடையா நடக்கறாரு? ஜாக்கிரதையா இருங்க,” என்றான் கொழுந்தன்.

மறுநாள் ஆராய்ச்சிக்காரர் பையைத் திறந்தபோது, உள்ளே ஒரு குப்பியில் உயிருள்ள உண்ணிகள் ஊர்வதை அவள் பார்த்துவிட்டாள்.

“என் ஆட்டு மேல விடத்தானே கொண்டு வந்தீங்க?”

“உங்க ஆட்டு மேலருந்து எடுத்ததும்மா. இதுலயும் அந்தக் கிருமி இருக்கு. ஆனா உங்க ஆடுங்க ரத்தம் அதை எதிர்த்து நிக்குது. அது எப்படின்னு தெரிஞ்சா மத்த ஆடுங்களையும் காப்பாத்தலாம்.”

“இங்க வரச் சொன்னது யாரு?”

அவர் குப்பியைப் பைக்குள் வைத்து மூடினார்.

“நீங்கதான் மத்த பட்டியில உண்ணியை விடறீங்கன்னு புகார் வந்துச்சு. குடுத்தது உங்க கொழுந்தனார்.”