காயாத மை

அப்பாவுக்கு நினைவு தப்புவதற்குள் பவர் பத்திரத்தை முடித்துவிட மகள் அவசரப்பட்டாள். பத்திர எழுத்தர் வீட்டுக்கே வந்தார். மணியடித்ததும், கண்ணயர்ந்திருந்தவள் எழுந்து கதவைத் திறந்தாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, படுக்கையில் கிடந்தவரின் மூடிய இடது கையை எழுத்தர் மெல்லப் பிரித்தார். பெருவிரலில் காயாத நீல மை. எழுத்தருடைய மைப்பெட்டியோ இன்னும் பைக்குள் இருந்தது.

"எனக்கு முன்னாடி யாரும்மா ரேகை எடுத்தது?"

"சத்தியமா யாரும் வரலைங்க. காலையில பூட்டுன கதவை உங்களுக்குத்தான் திறந்தேன்."

அப்பா சிரித்தார். "இப்பத்தானே ஒருத்தர் வந்துட்டுப் போனாரு. நீ அசந்து தூங்கிட்டிருந்தே."

"எதுலப்பா ரேகை வச்சீங்க?"

"படிச்சுக் காட்டலைம்மா. நல்ல மனுஷன். உன் தூக்கம் கலையாம உன்னோடதையும் எடுத்துக்கிட்டாரு."

எழுத்தர் மேஜையில் வைத்த கண்ணாடி டம்ளரைத் திரும்பிப் பார்த்தார். அவள் பிடித்திருந்த இடத்தில், வரிவரியாக, நீலப் பெருவிரல் ரேகை.