செபக்கருத்து

“நான் வீட்டுக்குப் போறேன் ஃபாதர்.”

சொன்ன பையனின் ஒரு கையில் தூசி தட்டும் துணி, இன்னொரு கையில் நாலாக மடித்த தாள். தினமும் காலையில் ஆன்ம குருவின் அறையைத் துடைப்பது இந்த வருடம் அவனுக்கு விழுந்த வேலை. அலமாரி, நாற்காலி, மேசை எல்லாவற்றையும் ஒழுங்காகத் துடைத்து முடித்த பிறகுதான் இந்த இடியைத் தூக்கிப் போட்டான்.

ஆன்ம குருவுக்கு வாயிலிருந்த டீ உள்ளே இறங்கவில்லை. குருவாகப் படிக்க இளங்குருமடத்தில் இந்த வருடம் சேர்ந்த இருபத்தாறு பையன்களைச் செபத்தில் வளர்ப்பது அவர் பொறுப்பு. ஒன்பது பேர் ஏற்கெனவே மூட்டை கட்டிவிட்டார்கள். அதற்கெல்லாம் அவர் அசரவில்லை. ஆனால் இவன் போவான் என்று கனவிலும் நினைக்கவில்லை.

மற்ற பையன்கள் இவனுக்கு வைத்த பெயர் ‘முழங்கால்’. பூசை முடிந்ததும் எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு சாப்பாட்டு அறைக்கு ஓடுவார்கள். இவன் மட்டும் மண்டி போட்டபடியே இருப்பான். இருபது வருடமாக இந்த வேலையில் தேய்ந்துபோன மனிதருக்கு மிச்சமிருந்த ஒரே பிடிப்பு இவன்தான். இவன் ஒருவனாவது குருவானால், தன் வாழ்க்கை வீணாகவில்லை என்று சொல்லிக்கொண்டு கண்ணை மூடலாம்.

“உக்காருடா. என்ன அது, வீட்லேருந்து லெட்டரா? அம்மா வரச் சொல்றாங்களா?”

“இல்ல ஃபாதர்.”

“கணக்குல முட்டையா?”

“எழுபத்தெட்டு ஃபாதர்.”

“சாப்பாடு பிடிக்கலையா?”

“நல்லாத்தான் இருக்கு.”

அங்கேதான் உதைத்தது. அந்தச் சாப்பாட்டை நல்லா இருக்கு என்று சொன்ன முதல் ஜீவன் இவன்தான். போதாக்குறைக்குச் சமையல்காரர் வேறு போன வாரம் கோள் மூட்டியிருந்தார்: பையன் டீக்குச் சர்க்கரை போடுவதில்லை, ஞாயிற்றுக்கிழமை முட்டையைப் பக்கத்துத் தட்டுக்குத் தள்ளிவிடுகிறான், யாரையோ நினைத்து உருகுகிறான் போல.

“உண்மையைச் சொல்லு. ஏதாவது பொண்ணு விஷயமா?”

“ஐயோ, இல்ல ஃபாதர்!” பையனின் காது சிவந்துவிட்டது.

ஆன்ம குரு மேசையிலிருந்த தலையணைப் பருமன் செபப் புத்தகத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். பையன் தினமும் துடைத்துத் துடைத்து அதன் அட்டை பளபளவென்று இருந்தது. முதல் வாரம் வகுப்பில் இதைத் தூக்கிக் காட்டித்தான் ஜோக் அடித்திருந்தார். “ஒரு குருவானவர் சாகுற வரைக்கும் தினமும் இதைச் சொல்லணும். அன்னன்னிக்கு முடிச்சதும், பக்க அடையாளத்துக்குத் தொங்குற இந்த நாடாவை அடுத்த நாள் பக்கத்துக்கு மாத்தணும். டாக்டர் நாடியைப் பாப்பார். நீங்க நாடாவைப் பாருங்கடா, சாமியாருக்கு உயிர் இருக்கான்னு தெரிஞ்சிடும்!” வகுப்பே உருண்டு சிரித்தது. முழங்கால் மட்டும் அதை நோட்டில் எழுதிக்கொண்டான்.

“இதோ பாரு தம்பி,” என்று ஆரம்பித்தார். “எல்லாருக்கும் இப்படி ஒரு வறட்சி வரும். நாம பேசுறது கடவுளுக்குக் கேக்கவே இல்லையோன்னு தோணும். அப்பதான் விடாம பிடிச்சுக்கணும்.”

போன ஒன்பது பேருக்கும் சொன்ன அதே வார்த்தைகள். ஆறிப்போன வார்த்தைகள் என்று அவருக்கே தெரிந்தது. கடைசியாக அவை எப்போது சூடாக இருந்தன என்று யோசிக்க அவருக்குத் தைரியம் இல்லை.

பையன் தலையாட்டினான். “எனக்குத் தேவ அழைத்தல் இல்ல ஃபாதர். இருந்திருந்தா நான் கேட்டதைக் கடவுள் குடுத்திருப்பார்.”

கையிலிருந்த தாளை நீட்டினான். கோடு போட்டு, கட்டம் கட்டி, பென்சிலால் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தான். குருமடத்துக்கு வந்த மாதத்தில் தொடங்கி ஒன்பது மாதம். சர்க்கரை இல்லாத டீ, விட்டுக்கொடுத்த முட்டை, விளையாடாமல் விட்ட சாயங்காலங்கள், தனியாகச் சொன்ன செபமாலைகள். பிடித்ததை விட்டுவிட்டு ஒரே ஒரு கருத்துக்காக, அதாவது ஒரே ஒரு வேண்டுதலுக்காக, ஒப்புக்கொடுங்கள், கடவுள் தட்டவே மாட்டார் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவரும் இவர்தான்.

ஆன்ம குரு தாளை மறுபடியும் மேலிருந்து படித்தார். பதிமூன்று வயதுப் பையன் ஒன்பது மாதம் வயிற்றைக் கட்டிக் கேட்டும் கிடைக்கவில்லை என்றால், இனி எந்த முகத்தோடு அவனை இருக்கச் சொல்வது?

“யாருக்காகடா இவ்வளவும்? வீட்ல யாருக்காவது முடியலையா?”

“வீட்ல எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க ஃபாதர்.”

“பின்ன யாருக்கு? என்ன கருத்து, சொல்லு. இன்னையிலேருந்து நானும் உன்கூட சேர்ந்து வேண்டிக்கிறேன்.”

பையன் அவரை நிமிர்ந்து பார்த்தான். கோபமில்லை, நோயாளியைப் பார்க்க வந்தவனின் பார்வை அது. தூசித் துணியை மடித்து மேசை ஓரத்தில் வைத்தான். நாளைக்கு வேறு யாராவது துடைக்க வேண்டுமே. பிறகு கதவு வரைக்கும் போய், திரும்பி நின்று, பட்டும் படாமலும் சொன்னான்:

“உங்க நாடா நகரணும்னுதான் ஃபாதர் கேட்டேன்.”