மூலைக் கொடி

"கொடிக் கம்பத்தப் புடுங்கிட்டு கார்னர் அடிக்கக் கூடாது சார். சட்டத்துலயே இருக்கு."

மூலையோரம் நின்ற குணசுந்தரி சொன்னாள். லைன்ஸ்மேனுக்கான கொடியைக் கையில் வாங்கியதிலிருந்து அவள் சொல்லும் ஐந்தாவது சட்டம் இது.

நடுவர் சுகுமாரன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மலேசியாவின் கோலா கெத்தில் ஊர்த் தோட்டத் திடலில் காற்பந்து இறுதியாட்டம். ஒன்றுக்கு ஒன்று, இன்னும் இரண்டு நிமிடம். அவர் கவலை வேறு. நடுவர் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டவர். இன்று மார்க் போட மாநிலச் சங்கத்திலிருந்து ஆள் வருவதாகச் செய்தி. இந்த முறையும் போனால், விசில் ஊதும் ஆசைக்குக் கார் நிறுத்துமிடத்தில்தான் வேலை தேட வேண்டும்.

ஆள் வந்தாயிற்று. வெள்ளைச் சட்டை, டை, பளபளக்கும் காலணி. காரை விட்டு இறங்கியதுமே ஏற்பாட்டுக் குழு மாலையைப் போட்டு, கூடாரத்தில் குஷன் நாற்காலியில் உட்கார வைத்து, கையில் ரோஜா நிறச் சிராப் தண்ணீரும் கொடுத்துவிட்டது. நம் கூட்டங்களில் டை கட்டியவரிடம் "நீங்க யாரு?" என்று கேட்பது மரியாதைக் குறைவு.

கார்னர் அடிக்க வந்த முகுந்தனுக்குக் கம்பம் இடைஞ்சலாக இருந்தது. "எடுத்துரவா அண்ணே?"

சுகுமாரன் கூடாரத்தைப் பார்த்தார். வெள்ளைச் சட்டைக்காரர் மூலைப் பக்கம் கையை நீட்டி, 'கொண்டு வா' என்பதுபோல் விரல்களை மடக்கிக் காட்டினார்.

"எடுலா, எடு! மேலிடமே சொல்லியாச்சு."

எதிரணித் தலைவன் விக்னேஸ்வரன் ஓடி வந்தான். "அண்ணே, பந்து வளைவுக் கோட்டுக்கு வெளிய இருக்கு. விட்டா கோல் வாசல்லயே வச்சு அடிப்பான் போல!"

"சட்டம் படிக்க இது டியூஷன் சென்டர் இல்ல தம்பி." மஞ்சள் அட்டை வெளியே வந்தது.

முகுந்தன் உதைத்தான். பந்து கோல் கம்பத்தில் மோதி, நேராக அவனிடமே திரும்பி வந்தது. மறுபடி உதைத்தான். வலை குலுங்கியது.

"சார்! அடிச்ச ஆளே ரெண்டாவது தடவயும் தொட்டுட்டான். நடுவுல வேற யாரும் தொடல. கோல் கிடையாது!" குணசுந்தரி கொடியை ஆட்டினாள்.

கூடாரத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் எழுந்து நின்று இரண்டு விரலைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்தியாம்மா? ரெண்டுக்கு ஒண்ணு. பெரியவங்களுக்குத் தெரியாத சட்டம் உனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும். கொடியப் புடிக்கச் சொன்னா கொடிய மட்டும் புடி."

விசில் ஊதினார். ஆட்டம் முடிந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கூடாரத்துக்கு ஓடினார்.

"சார், இந்தத் தடவையாவது பாஸ் போட்டுருவீங்களா?"

"பாஸா? நான் சிவநேசன். இன்னிக்கு லைன்ஸ்மேன். சுங்கைப் பட்டாணில கல்யாணம், அங்கருந்து நேரா வந்தேன். எறங்குனதும் மாலையப் போட்டு உக்கார வச்சிட்டாங்க. எந்திரிச்சா இன்னொரு கிளாஸ் ஊத்துறாங்க. அந்தம்மா கையில இருக்குற கொடிய வாங்கிக் குடுங்கன்னு கை காட்டுனா, நீங்க மூலைக் கொடியப் புடுங்குறீங்க. ரெண்டாவது தடவ தொட்டுட்டான்னு ரெண்டு விரலக் காட்டுனா, கோல் குடுக்குறீங்க!"

சுகுமாரன் கூடாரத்தைச் சுற்றுமுற்றும் பார்த்தார். "அப்போ... மார்க் போட வந்தவரு?"

பின்னாலிருந்து வந்த குணசுந்தரி, கொடியைச் சிவநேசன் கையில் கொடுத்துவிட்டுப் பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

"நான் யாருன்னு சொல்ல வாயத் திறக்கும்போதே கொடியக் கையில திணிச்சிட்டீங்க. இப்பத்தான் சார் கை காலியாச்சு, மார்க் போட்டுரலாமா?"